தொட்டியின் மேல் எழுதப்பட வேண்டிய எண்

கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும் போதெல்லாம் தொலைக்காட்சிக் கேமராக்கள் ஓசூருக்கு வந்துவிடுகின்றன. வர வேண்டியதுதான், பெங்களூரின் கழிவுநீரைச் சுமந்து வரும் தென்பெண்ணையின் நிலை அவ்வளவு மோசம். ஆனால் தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களின் பல்லையும் எலும்பையும் பல தலைமுறைகளாகக் கெடுத்துவரும் ஃப்ளோரைடுக்கு நுரையும் கிடையாது, நிறமும் கிடையாது, வாடையும் சுவையும் கிடையாது. அளந்து பார்த்தால் மட்டுமே தெரியும் ஒரு நஞ்சை, அளந்த பிறகும் அதைக் குடிப்பவரிடம் சொல்லாமல் இருக்கிறோம் என்பதே என் மனக்குறை. மருந்துக் கடை நடத்துபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நம் பகுதியின் ஃப்ளோரைடு பெரும்பாலும் எந்த ஆலையிலிருந்தும் வந்ததல்ல. நம் காலடியில் இருக்கும் கிரானைட், நைஸ் வகைப் பாறைகளின் கனிமங்களில் அது இயற்கையாகவே இருக்கிறது. பாறை இடுக்கில் நெடுங்காலம் தங்கும் நீரில் சுண்ணாம்புச் சத்து குறைந்து, காரத்தன்மையும் பைகார்பனேட்டும் கூடும்போது அது கரைந்து வெளியே வருகிறது. மழைநீர் விரைவில் சேரும் திறந்த கிணறுகளைக் கைவிட்டு, ஆண்டுக்கு ஆண்டு ஆழமாகப் போர் போட்டுக்கொண்டே போன நாம், அந்தப் பழைய நீரை நாமாகவே தேடிப் போய்க் குடித்தோம். இயற்கை வைத்த பொருள் என்றாலும், அதை வீட்டுக் குடத்துக்குக் கொண்டுவந்ததில் மனிதர்களின் பங்கும் உண்டு.

அறிவியலுக்கு இது புதிய செய்தி அல்ல. அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரத்துக்கு 1901இல் வந்த பல் மருத்துவர் பிரெடரிக் மெக்கே, அங்கு வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புக் கறை இருப்பதைப் பார்த்துக் காரணம் தேடத் தொடங்கினார். குடிநீரில் கலந்த ஃப்ளோரைடே அதற்குக் காரணம் என்று 1931இல் உறுதியானது. நம் பக்கத்திலும் அதிகம் தாமதிக்கவில்லை. 1937இல் ஷார்ட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் முதுகு விறைத்து, மூட்டு மடங்காமல் போன மக்களை ஆராய்ந்து, ஃப்ளோரைடு எலும்பையும் தாக்கும் என்று பதிவு செய்தார்கள். இது நடந்து ஏறத்தாழ 90 ஆண்டுகள் ஆகின்றன.

குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத நிலையில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவும் 1.5தான், ஆனால் அந்தந்த நாட்டின் வெப்பநிலையையும் மக்கள் குடிக்கும் நீரின் அளவையும் கணக்கில் கொண்டு வரம்பை வகுக்க வேண்டும் என்று அந்நிறுவனமே சேர்த்துச் சொல்லியிருக்கிறது. இந்த இரண்டாவது பகுதியைத்தான் நாம் படிப்பதில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து 2 லிட்டர் குடிப்பவருக்கு அந்த 1.5 என்பது நாளொன்றுக்கு 3 மில்லிகிராம். சித்திரை வெயிலில் மாங்காய் பறிக்கும், தக்காளி மூட்டை தூக்கும் ஒருவர் 5 லிட்டர் குடித்தால் அவர் உடலுக்குள் 7.5 மில்லிகிராம் போகிறது. அதே நீரில் கிண்டிய களியும் வடித்த சோறும் இதில் சேரவில்லை. காய்ச்சினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். காய்ச்சும்போது நீர்தான் குறையும், ஃப்ளோரைடு அப்படியே தங்கி இன்னும் செறிவாகும்.

என் கடைக்கு வருபவர்களில் பலர் மருந்துச் சீட்டு கொண்டு வருவதில்லை. கசங்கிய காலி அட்டையை முந்தானை முடிச்சிலிருந்து எடுத்துக் காட்டி, "தம்பி, இதே மாத்திரை ஒரு அட்டை குடுப்பா, முட்டி மடக்க முடியல" என்பார்கள். அட்டையின் பின்பக்கம் பெரும்பாலும் டைக்ளோஃபினாக் என்றிருக்கும். மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத வலி நிவாரண மருந்து அது. நான் மறுத்தால் வேறு எங்கோ வாங்கிக்கொள்கிறார்கள். உடலுக்குள் போகும் ஃப்ளோரைடின் பெரும்பங்கை வெளியேற்றுவது சிறுநீரகம். வலி நிவாரண மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் விழுங்கினால் முதலில் அடி வாங்குவதும் அதே சிறுநீரகம்தான். சிறுநீரகம் தளர்ந்தால் ஃப்ளோரைடு உடலில் இன்னும் அதிகமாகத் தங்கும், வலி கூடும், மாத்திரையும் கூடும். எல்லா முட்டி வலிக்கும் தண்ணீர்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த இரண்டு மாவட்டங்களில் மூட்டு வலி என்று வரும் ஒருவரிடம், "எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் அம்மா?" என்ற கேள்வி கட்டாயம் கேட்கப்பட வேண்டும், தேவைப்பட்டால் சிறுநீரில் ஃப்ளோரைடு பார்க்கப்பட வேண்டும். ஃப்ளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெடும் நோய்க்கு ஃப்ளோரோசிஸ் என்று பெயர். 2008-09இல் தொடங்கிய தேசிய ஃப்ளோரோசிஸ் தடுப்புத் திட்டத்தில் அந்தப் பரிசோதனைக்கும் இடம் உண்டு.

உணவு பற்றியும் நல்ல ஆய்வுகள் உள்ளன. ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள், சிறுவர்களுக்கு நாளொன்றுக்கு 10 கிராம் புளியை உணவோடு கொடுத்துப் பார்த்து, சிறுநீர் வழியே ஃப்ளோரைடு வெளியேறுவது கூடியதாக 2002இல் வெளியிட்டார்கள். சிறிய ஆய்வுதான், என்றாலும் புளிய மரம் நிறைந்த நம் ஊருக்கு அது பொருள் உள்ள செய்தி. சுண்ணாம்புச் சத்து போதிய அளவு இருந்தால் ஃப்ளோரைடு குடலில் உறிஞ்சப்படுவது குறையும். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் அந்தச் சத்து இருக்கிறது. 2023இல் தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷன் கடையில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தரத் தொடங்கியதை நான் மனதார வரவேற்றேன். ஆயினும் புளியும் களியும் நல்ல நீரின் இடத்தை நிரப்பாது.

நல்ல நீர் வராமலும் இல்லை. ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்தின் கடனுதவியோடு ஏறத்தாழ 1,900 கோடி ரூபாயில் கட்டப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்டது. அதன் முழுப் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு என்பதும் இருக்கிறது. காவிரி நீர் வந்ததால் நம் பிள்ளைகள் பலரின் பற்கள் தப்பின என்பதை நான் மனமாரச் சொல்வேன். ஆனால் எங்கள் பகுதியில், ஒகேனக்கல் தண்ணீர் குறையும் நாட்களில் அதே மேல்நிலைத் தொட்டியில் ஊர் போர் தண்ணீரையும் ஏற்றிவிடுகிறார்கள். லிட்டருக்கு 3 மில்லிகிராம் உள்ள போர் தண்ணீரும் 0.4 உள்ள ஆற்று நீரும் பாதிக்குப் பாதி கலந்தால் 1.7 ஆகிவிடும். குழாயடியில் நிற்கும் பெண்ணுக்கு அது ஒகேனக்கல் தண்ணீர்தான். நம்பிப் பிடித்துப்போய்க் குழந்தைக்குக் கொடுக்கிறாள். பல்லின் எனாமல் உருவாகும் முதல் 8 ஆண்டுகளில் படியும் கறை பின்னர் எந்தப் பற்பசையாலும் போகாது. வாயைக் கையால் மறைத்துச் சிரிக்கும் பிள்ளைகளை இந்த ஊரில் யாரும் பார்த்திருப்பார்கள்.

ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு நீர்ப் பரிசோதனைப் பயிற்சி தர வேண்டும் என்பது விதி. கருவிப்பெட்டியின் சோதனைக் குழாயில் நீரை ஊற்றி, சிவந்த கரைசலைச் சில துளிகள் விட்டால், ஃப்ளோரைடு கூடக் கூட நிறம் வெளுத்து மஞ்சளாகும். வண்ண அட்டையோடு ஒப்பிட்டு ஏறத்தாழ அளவைச் சொல்லிவிடலாம். முடிவு இணையதளத்தில் ஏறினால் போதாது. தொட்டி சுத்தம் செய்த தேதியைத் தொட்டியிலேயே எழுதுகிறோம் அல்லவா, அதன் கீழே ஃப்ளோரைடு அளவும், அளந்த தேதியும், அன்று ஏற்றியது ஆற்று நீரா, போர் தண்ணீரா, கலப்பா என்பதும் எழுதப்பட வேண்டும். போர் தண்ணீர் ஏற்றுவதைத் தவிர்க்க முடியாத நாளில், அது குளிக்கவும் துவைக்கவும் மட்டும் என்று முன்கூட்டியே தண்டோரா போட வேண்டும். அடுத்த கிராம சபையில் எங்கள் ஊரில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரக் கேட்கப் போகிறேன். பென்னாகரம், பாலக்கோடு, ஊத்தங்கரை, பர்கூர் பக்கம் இருக்கும் நண்பர்கள் தங்கள் ஊரிலும் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். தீர்மானத்தின் வாசகம் வேண்டுமானால் எழுதித் தருகிறேன்.