ஏஎச்எல்லில் சராசரி வயதுக்கு வரம்பு கிடையாது

ஏஎச்எல் என்பது வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியில் முதன்மை லீக்கான என்எச்எல்லுக்கு அடுத்த நிலை லீக். “சராசரி வயது 25-ஐத் தாண்டிய ஏஎச்எல் அணி இளைஞர்களை வளர்ப்பதில்லை, விதியும் அதை அனுமதிக்காது” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி ஒரு விதியே இல்லைங்க. லீக் பார்ப்பது வயதை அல்ல, ஆடிய ஆட்டங்களை. களமிறங்கும் 18 ஸ்கேட்டர்களில் (கோல்கீப்பர் அல்லாத வீரர்கள்) குறைந்தது 13 பேர் ‘டெவலப்மென்ட்’, அதாவது வளரும் நிலை வீரர்களாக இருக்கணும். அதில் 12 பேர் 260 தொழில்முறை ஆட்டங்களுக்கு மேல் ஆடியிருக்கக் கூடாது, மீதி ஒருவருக்கு 320 வரை சலுகை. கோல்கீப்பர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

கல்லூரி ஹாக்கி முடித்து 24 வயதில் வருபவர், 72 ஆட்டங்கள் கொண்ட மூன்று சீசன்களை ஒன்றுவிடாமல் ஆடினாலும் 216-தான். 27 வயதிலும் அவர் ‘டெவலப்மென்ட்’ வீரர்தான்!

அப்புறம், கனடா ஜூனியர் லீக்குகளில் இருந்து டிராஃப்ட் ஆன (என்எச்எல் அணிகள் தேர்ந்தெடுத்த) 18, 19 வயதுப் பையன்கள் பொதுவாக ஏஎச்எல்லுக்கு வரவே முடியாது. அணியின் எதிர்காலமே வேறு ஊரில் ஆடிக்கொண்டிருக்கும்போது சராசரி வயதை வைத்து என்ன சொல்ல முடியும்? ஐரோப்பாவில் இருந்து டிராஃப்ட் ஆனவர்களுக்கு இந்தத் தடை இல்லை. வில்லியம் நைலாண்டர் 18 வயதிலேயே டொராண்டோ மார்லீஸ் என்ற ஏஎச்எல் அணிக்கு ஆடினார்.

தாமதமாக வளர்ந்தவருக்கு யானி கூர்ட்டைப் பாருங்கள். டிராஃப்டே ஆகாதவர், ஏஎச்எல்லுக்கும் கீழே உள்ள ஈசிஎச்எல் லீக் வரை இறங்கி ஆடியவர். 26 வயதை எட்டிய 2017-18 சீசனில், டாம்பா பே என்ற என்எச்எல் அணிக்கு 25 கோல், மொத்தம் 64 புள்ளி (கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து).