படம் இருக்கிறது, கேட்டால் மட்டும் வராது

கணினியில் போட்டோ தேடுவதைப் பற்றி இன்று கொஞ்சம் கத்தியே ஆகவேண்டும். படம் தொலைந்து போயிருந்தால்கூட மனசு ஆறிவிடும். இது அப்படியில்லை. படம் இருக்கிறது, இதே ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கிறது, வேறு எதையோ தேடும்போது கண்ணில் பட்டிருக்கிறது, ஆனால் "இப்போது வேண்டும்" என்று கேட்டால் மட்டும் வராது.

தாத்தா மடியில் அத்தை மகள் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று. பின்னால் ஒரு சைக்கிளின் ஹேண்டில்பார் பாதி தெரியும், தாத்தா கட்டம் போட்ட சட்டை, அவள் அழப்போகிற மாதிரி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு யாரையோ பார்த்துக்கொண்டிருப்பாள். இவ்வளவும் எனக்குத் தெரியும், கண்ணை மூடினால் படம் அப்படியே நிற்கிறது. அவள் போன் செய்து "அந்தப் படம் உன்கிட்டதானே இருக்கு, அனுப்பேன்" என்றாள், நானும் இதோ என்றேன். அப்புறம் அந்த ராத்திரி முழுக்க அதே வேலைதான்.

ஏனென்றால் கணினி என்னிடம் கேட்பது தேதி. எந்த வருடம், எந்த மாதம், சொல். யாராவது ஒரு படத்தைத் தேதியை வைத்தா ஞாபகம் வைத்திருப்பார்கள்? யார் பக்கத்தில் யார் நின்றார்கள், எந்த வீட்டில் இருந்தபோது எடுத்தது, அக்கா கல்யாணத்துக்கு முன்னாலா பின்னாலா, அப்பா அப்போது மீசை வைத்திருந்தாரா, இப்படித்தானே நமக்கு நினைவு இருக்கும்? இது ஒன்றுகூட அந்தத் தேடல் பெட்டிக்குப் புரியாது.

சரி, தேதியைத்தான் பிடித்துத் தொங்குகிறாயே, அதையாவது ஒழுங்காக வைத்திருக்கிறாயா என்றால் அதுவும் கிடையாது. ஷட்டரை அமுக்கிய நேரத்தைப் படத்துக்குள்ளேயே எழுதி வைக்க எக்ஸிஃப் என்ற ஏற்பாடு 1990-களிலிருந்தே இருக்கிறது. ஆனால் ஃபைல்களைப் பட்டியல் போட்டுக் காட்டும் ஜன்னலில் நம் கண் முதலில் படுவது எடுத்த தேதி இல்லை, ஃபைலின் தேதி. ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்கு நகல் எடுத்த அன்று "உருவாக்கிய தேதி" மாறிவிடும். எதற்காக ஐயா மாற வேண்டும்? படம் அன்றைக்கா பிறந்தது? பழைய ஆல்பத்தை ஸ்கேன் பண்ணினால் ஸ்கேனர் தன் பங்குக்கு ஸ்கேன் செய்த நாளைப் போட்டுவிடும், ஆக நாற்பது வருடப் படங்கள் எல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமை மதியம் எடுத்ததாக வரிசையில் நிற்கும். பேட்டரி தீர்ந்து கடிகாரம் முதலிலிருந்து ஓட ஆரம்பித்த கேமரா எடுத்ததெல்லாம் பல வருடம் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். நேர மண்டலத்தைக் குறிக்க எக்ஸிஃபில் தனி இடம் வந்ததே 2016-இல் தான், அதுவரை வெளிநாட்டிலிருந்து வந்த தம்பியின் கேமராவும் நம் கேமராவும் ஒரே விழாவில் மணிக்கணக்கில் தள்ளித் தள்ளித்தான் நிற்கும்.

இதில் எனக்கு ரொம்பவே எரிச்சல் தருவது என்னவென்றால், "சுமாராக" என்று சொல்ல வழியே இல்லாதது. சரியான தேதி தெரியாது, 1985 வாக்கில் இருக்கும், அவ்வளவுதான் தெரியும். என்னிடம் இருக்கும் மென்பொருள் விடாது. நாள், மாதம், வருடம், மணி, நிமிடம், விநாடி எல்லாம் வேண்டுமாம். விநாடி! தாத்தாவே இல்லை, யாரிடம் போய் விநாடி கேட்பது? வேறு வழியில்லாமல் ஜனவரி 1 என்று பொய் எழுத வைக்கிறது, பத்து வருடம் கழித்துப் பார்க்கிறவன் அதை நிஜம் என்றே நம்புவான். இத்தனைக்கும் வருடத்தை மட்டும் எழுதிவிட்டுப் போக, படத்தோடு தகவலைச் சேர்த்து வைக்கும் எக்ஸ்எம்பி என்ற முறையில் இடம் இருக்கிறது. தேதியை எப்படி எழுதுவது என்பதற்கு 2019-இல் வந்த ஐஎஸ்ஓ 8601-2 என்ற சர்வதேசத் தரத்தில் வருடத்துக்குப் பின்னால் ஒரு அலைக்கோடு (~) போட்டால் "ஏறத்தாழ" என்று அர்த்தம். நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் கேட்டுப் பெற்ற வசதி அது. வீட்டில் ஆல்பம் வைத்திருப்பவனுக்கு மட்டும் அது தேவையில்லை என்று யார் முடிவு செய்தது?

ஃபைல் பெயரைப் பற்றிப் பேசவே வேண்டாம். கேமரா ஃபைலுக்கு எப்படிப் பெயர் வைக்க வேண்டும் என்று 1998-இல் டிசிஎஃப் என்ற ஒரு விதி வகுத்தார்கள், நான்கு எழுத்து, நான்கு எண், 9999 தாண்டினால் மறுபடியும் 0001. அதனால் ஒரே பெயரில் சம்பந்தமே இல்லாத இரண்டு படங்கள், இரண்டையும் ஒரே ஃபோல்டரில் போடப் போனால் "பழையதை அழித்துவிடட்டுமா" என்று ஒரு கேள்வி. மெசேஜ் செயலிகள் வழியாக வந்த படங்கள் இன்னும் மோசம். படத்தைச் சுருக்கி, உள்ளே இருந்த எடுத்த நேரம், இடம் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத்தான் கையில் கொடுக்கிறது. அதையே நான்கு பேர் நான்கு குழுவில் அனுப்ப, ஒரே படத்துக்கு ஐந்து பிரதி. ஃபைலை ஃபைலாக ஒப்பிட்டுப் பார்க்கும் கருவிக்கு அவை ஐந்தும் வேறு வேறு.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்கவே முடியாதது ஒன்று உண்டு. மாதக்கணக்கில் உட்கார்ந்து படம் படமாகப் பெயர் எழுதினேன். இது பெரியப்பா, இது பக்கத்து வீட்டு அக்கா, இது பழைய வீட்டுத் திண்ணை. அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, எனக்குத் தெரியாத முகங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு எழுதினேன். கணினி மாறியது, மென்பொருள் மாறியது, புதியதில் திறந்தால் ஒரு பெயர் இல்லை, எல்லாம் வெறும் படம். அத்தனையும் அந்தப் பழைய மென்பொருள் தன் சொந்தத் தரவுத்தளத்தில் பூட்டி வைத்திருந்தது. படத்துக்குள் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. எழுதவில்லை என்று சொல்லவும் இல்லை.

படத்துக்குள்ளேயே குறிச்சொல் எழுத ஐபிடிசி முறை 1990-களில் வந்தாயிற்று. எக்ஸ்எம்பி 2001-இல் வந்தது. முகம் படத்தில் எந்த இடத்தில் இருக்கிறது, அது யார் முகம் என்று எழுதக்கூட 2010-இல் பெரிய கம்பெனிகள் ஒன்றாக உட்கார்ந்து ஒரு முறை வகுத்துவிட்டார்கள். ஆக, தெரியாமல் செய்யவில்லை. நீ வேறு மென்பொருளுக்குப் போகக் கூடாது என்பதற்காகத்தான் செய்கிறார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டிஜிகாம் மாதிரி இலவசமாகக் கிடைக்கிற போட்டோ மென்பொருளிலேயே பெயரையும் குறிச்சொல்லையும் படத்துக்குள் எழுது என்று சொல்ல வசதி இருக்கிறது. ஃபில் ஹார்வி என்ற ஒரு மனிதர் உருவாக்கிய எக்ஸிஃப்டூல் என்ற கருவி இத்தனை வருடமாக இத்தனை கேமராக்களின் தகவலையும் படிக்கிறது, திருத்துகிறது. காசு வாங்குகிறவர்களுக்கு மட்டும் முடியவில்லையாம்.

தமிழில் எழுதியவர்களுக்கு வேறு தனித் தண்டனை. பழைய ஐபிடிசி முறையில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட் தான் இடம். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட், புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாகக் கணக்கில் வரும், ஆக 21 குறிக்கு மேல் போனால் வெட்டு. "சின்னப் பெரியம்மா வீட்டு விசேஷம்" என்று எழுதினால் பாதி வழியில் நின்றுவிடும். அதைத் தாண்டினால் இன்னொன்று. கொ, கோ மாதிரி எழுத்துகளில் வரும் ஒகர, ஓகாரக் குறியை யூனிகோடு என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அதைச் சமன் செய்யத் தெரியாத மென்பொருளுக்கு வேறு வேறு. "கோபால் சித்தப்பா" என்று தேடினால் முடிவுகள் எதுவும் இல்லை என்று வரும், அவர் படமோ அதே திரையில் சிரித்துக்கொண்டு நிற்கும்.

முகம் கண்டுபிடிக்கும் வித்தையை நம்பலாம் என்பார்கள். நம்பினேன். அக்காவையும் தங்கையையும் ஒருவர் என்கிறது, ஒரே பையனை மூன்று வயதில் ஒருவன், எட்டு வயதில் ஒருவன், பதினைந்தில் ஒருவன் என்று மூன்று ஆளாக்குகிறது. "இது அவன் இல்லை" என்று திருத்தினால் கேட்டுக்கொண்ட மாதிரி தலையாட்டும், அடுத்த புதுப்பிப்பில் மறுபடியும் பழைய குருடி. "நாய்" என்றால் நாய் படமெல்லாம் வரும், உண்மை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எனக்கு எங்கள் வீட்டு நாய் வேண்டும்.

கடைசியில் கண்ணால் தேடுவதுதான் கதி. அதையாவது செய்ய விடுங்களேன்! சக்கரத்தை உருட்டுகிறேன், சாம்பல் கட்டங்களாக நிற்கிறது, ஒவ்வொன்றாகப் படம் வருவதற்குள் நான் தாண்டிப் போய்விடுகிறேன், திரும்பி மேலே வருகிறேன், மறுபடி சாம்பல். ஒரு படம் அதுவாக இருக்குமோ என்று பெரிதாக்கிப் பார்த்து, இல்லை என்று மூடினால், ஆயிரக்கணக்கான படங்களுக்கு மேலே, முதல் வரிசைக்கே கொண்டுபோய் விட்டுவிடுகிறது. எவ்வளவு தூரம் வந்திருந்தேன் என்று எனக்கும் தெரியாது, அதற்கும் தெரியாது. ஒவ்வொரு முறையும் இதே கதை. "உங்கள் இனிய நினைவுகள்" என்று பாட்டுப் போட்டு நான் கேட்காத படங்களை ஓட்டிக்காட்டத் தெரிகிறது, அதற்கு நேரம் இருக்கிறது, ஆள் இருக்கிறது. அதையெல்லாம் நிறுத்திவிட்டு, படத்தை மூடினால் நான் பார்த்துக்கொண்டிருந்த அதே வரிசையில் நில்லுங்கள். முகம், நாய் எல்லாம் அப்புறம் பார்க்கலாம்.