இருந்து குடிக்கிற ஆளுக்கு ஏன் காகிதக் கப்?

கொழும்பில இப்ப கோப்பிக்கடைக்குக் குறைவில்லை. காலி வீதியில ரெண்டு பஸ் ஹோல்ட் நடந்தா ஒண்டு வரும், கொட்டை எங்கட மலைநாட்டுதோ எத்தியோப்பியாவோ, எவ்வளவு வறுத்தது எண்டு எல்லாம் போர்ட்டில வடிவா எழுதி வச்சிருப்பினம். சரி, நல்லம். காசைக் குடுத்திட்டு மேசையில வந்து இருந்தா கோப்பி வாறது காகிதக் கப்பில, அதுக்கு மேல இறுக்கி ஒரு பிளாஸ்டிக் மூடி. அட, நான் எங்கயும் ஓடப்போறேல்ல, உங்கட ஏசிக்குள்ளதான் இருக்கப்போறன், எனக்கு என்ன கோதாரிக்கு மூடி?

கப்பில என்ன கிடக்கு, கோப்பி நல்லா இருந்தாச் சரிதானே எண்டு சொல்லுறவைக்குத்தான் இது. மோசமான கோப்பியை எந்தக் கப்பும் நல்லதாக்காது, ஆனா நல்ல கோப்பியைக் கெடுக்கக் கப்பால வடிவா ஏலும். நாக்குக்குத் தெரியிறது இனிப்பு புளிப்பு கசப்பு உப்பு, அதோட உமாமி எண்ட இறைச்சிச்சாறு மாதிரி ருசி, அவ்வளவுதான். மிச்சம் முழுக்க மூக்கு. தடிமன் பிடிச்ச நேரம் கோப்பி குடிச்ச எல்லாருக்கும் தெரியும், கசப்பும் சூடும் மட்டும்தான் மிஞ்சும். மணம் ரெண்டு வழியால வரும், கப்பை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோகேக்க முன்னால ஒண்டு, விழுங்கேக்க தொண்டைக்குப் பின்னால ஏறி இன்னொண்டு. மூடி போட்டா முதல் வழி அடைபட்டுப் போச்சு, அந்தச் சின்ன ஓட்டையால மூக்குக்கு என்ன வரப்போகுது, அந்த இடத்தில வேற சூடான பிளாஸ்டிக் மணக்கும். போர்ட்டில "மல்லிகைப்பூ வாசம்" எண்டு எழுதினவரே அதை மூடியும் தாறார்.

அடுத்தது சூடு. இதில எங்கட சைவக்கடை சில்வர் ரம்ளரைப் பற்றிக் கட்டாயம் சொல்லோணும், வெள்ளவத்தை ஆக்கள் கோவிச்சாலும் பரவாயில்லை. உலோகம் பீங்கானை விடக் கனக்க வேகமாச் சூட்டைக் கடத்தும், அதால உள்ளுக்க இருக்கிற கோப்பி குடிக்கிற பதத்துக்கு வந்தாலும் விளிம்பு உதட்டைச் சுடும், பயத்தில உறிஞ்சி உறிஞ்சிக் குடிப்பம், கையில பிடிக்கிறதுக்கு பேப்பர்த்துண்டு தேடுவம். கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிறதில நாக்குக்குச் சூடு மட்டும்தான் விளங்கும், கொஞ்சம் ஆறினாப் பிறகுதான் இனிப்பும் புளிப்பும் வெளிய வரும். (65 பாகைக்கு மேல குடிக்கிறது புற்றுநோய்க்குக் காரணமாகலாம் எண்டு உலக சுகாதார நிறுவனத்தின்ர புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2016ல சொன்னது, கோப்பியில பிழையில்லை, சூட்டிலதான் எண்டு. எங்கட பெரியாக்களுக்கு இதைச் சொல்லிப் பாருங்கோ.) டவராவில ஊத்தி ஆத்திக் குடிக்கிற தமிழ்நாட்டுக்காரர் இந்த விசயத்தில எங்களை விடக் கெட்டிக்காரர். எஸ்பிரெசோவுக்கு இது மறுவளமா வரும், கோப்பியே 30 மில்லிதான், குளிர்ந்த தடிச்ச கப்பில விட்டா கப் சூட்டைக் குடிச்சிடும், அதுக்குத்தான் மெசினுக்கு மேல கப்பை அடுக்கிச் சூடாக்கி வைக்கிறது.

எவர்சில்வர் கோப்பிக்கு உலோக ருசியைக் குடுக்கும் எண்டு கொஞ்சப்பேர் சொல்லுவினம், நான் நம்பேல்ல, அதின்ர மேற்பரப்பில குரோமியம் ஒட்சைட்டு ஒண்டு மெல்லிசா மூடியிருக்கு, கோப்பியோட அது லேசில சேராது. பித்தளை வேற கதை. புளி போட்டு மினுக்கிறது ஏன்? புளிப்பு அதின்ர மேற்பக்கத்தைக் கரைக்கும். கோப்பியும் கொஞ்சம் புளிப்புத்தானே. அதுதான் பழைய ஆக்கள் ஈயம் பூசாத பித்தளையில சமையல் சாமான் வைக்க விடாயினம்.

நிறத்தைப் பற்றியும் ஒண்டு இருக்கு. 2014ல ஜோர்ஜ் வான் டோர்ன் எண்டு அவுஸ்திரேலியாக்காரர் ஒருத்தர், ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக உளவியலாளர் சார்ல்ஸ் ஸ்பென்ஸோட சேர்ந்து, ஒரே கோப்பியை வெள்ளை, நீலம், கண்ணாடிக் கப்புகளில குடுத்துப் பார்த்தவை. வெள்ளைக் கப்பில குடிச்சவைக்கு இனிப்புக் குறைவாப் பட்டிருக்கு. சோதனையில இருந்த ஆக்கள் கொஞ்சம்தான், அதால இதை வச்சு வீட்டுக் கப்பெல்லாம் மாத்தத் தேவையில்லை, ஆனா கண்ணும் சேர்ந்துதான் குடிக்குது எண்டதை நான் நம்புறன்.

யாழ்ப்பாணத்து மூக்குப்பேணியை, அதுதான் ஊத்திக் குடிக்க மூக்கு வச்ச பித்தளைப் பேணியை, சொல்லாமல் விட்டா உறவுக்காரர் விடமாட்டினம். மல்லியும் வேர்க்கொம்பும் (சுக்கு) சேர்த்து இடிச்ச கோப்பியை மூக்குப்பேணியில குடிச்சாத்தான் ருசி எண்டு இப்ப எல்லாரும் ஏக்கத்தோட எழுதுகினம், கொழும்பில ஷோகேஸில மினுக்கி வேற வச்சிருக்கினம். எனக்கு அந்த ஏக்கம் இல்லை. வாய் படாமல் அண்ணாந்து ஊத்திக் குடிக்கிற சாமான் அது, மூக்குக்கும் கோப்பிக்கும் நடுவில ஒரு சாண் இடைவெளி, மணம் எங்க வரும்? சூடாகவும் ஊத்தேலாது. அது ருசிக்குச் செய்த பாத்திரம் இல்லை, எச்சில் படக்கூடாது எண்டு செய்த பாத்திரம். அதே ஊரில சாதி குறைவெண்டு அந்தப் பேணியும் கிடைக்காமல் சிரட்டையில தேத்தண்ணி வாங்கிக் குடிச்ச சனமும் இருந்தது, அதுக்காகத் தேத்தண்ணிக்கடைகளுக்க உள்ளிட்டுப் போராடினதும் 60கள் வரைக்கும் நடந்ததுதான். பேணியைப் படம் பிடிச்சுப் போடுறவை அந்தப் பக்கத்தையும் ஒருக்கா எழுதலாம்.

சரி, எது நல்லம் எண்டு கேட்டா, என்ர வாக்கு மெல்லிய விளிம்புள்ள பீங்கான் கப்புக்கு, வாய் கொஞ்சம் அகண்டது, முதல்ல சுடுதண்ணி விட்டு ஊத்தினது. ஒபிஸில தாற லோகோ போட்ட தடிச்ச மக் அடுத்தது, ஆனா அதை எலுமிச்சை மணக்கிற சோப்பில கழுவிப்போட்டு வடிவா அலசாமல் வைக்கிற ஆக்களுக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்ல. கண்ணாடிக் கிளாஸ் பரவாயில்லை. பொரளையில செத்தவீடு நடக்கிற மலர்ச்சாலையளில தாற சின்ன பிளாஸ்டிக் கப் கோப்பியில நான் குறை பிடிக்கிறேல்ல, அங்க ருசி பார்க்கிறதுக்கு ஒருத்தரும் போறேல்லத்தானே.

காகிதக் கப் குடுக்கிற கடையில கேட்டன், பீங்கான் இல்லையோ தம்பி எண்டு. கழுவ ஆள் இல்லை அண்ணை எண்டான். பாவம், அவனில பிழையில்லை. மூடியைக் கழட்டி மேசையில வச்சிட்டுத்தான் குடிச்சன், நீங்களும் குறைஞ்சது அதையாவது செய்யுங்கோ. தெஹிவளைக்கும் கொள்ளுப்பிட்டிக்கும் இடையில, இருந்து குடிக்கிற ஆக்களுக்குக் கேளாமலே பீங்கான் கப் குடுக்கிற கடை தெரிஞ்சாச் சொல்லுங்கோ, பார்க்கிங் இல்லாட்டியும் வாறன்.