உலகக் கோப்பைக் கால்பந்தைச் சியால்கோட் சிறுவர்கள் தைக்கிறார்களா?

"உலகக் கோப்பைப் பந்துகளை இன்றும் பாகிஸ்தானின் சியால்கோட்டில் குழந்தைகள்தான் கையால் தைக்கிறார்கள், அந்த ஊரே வெள்ளையர் உருவாக்கியது" என்றொரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. இரண்டும் தவறு.

2014 உலகக் கோப்பையின் பிரசூகா பந்து சியால்கோட்டிலும் தயாரானது உண்மை. ஆனால் அதில் தையலே இல்லை. ஆறு துண்டுகளை வெப்பத்தால் ஒட்டிச் செய்த பந்து அது. 2018இன் டெல்ஸ்டார் பந்தும் அப்படித்தான்.

1990களில் அங்கே வீடுகளில் குழந்தைகள் பந்து தைத்தது நிஜம். அதை மறைக்க வேண்டியதில்லை. அந்தக் கொடுமை வெளிவந்த பிறகே, 1997 பிப்ரவரியில் சியால்கோட் வர்த்தக சபை, சர்வதேச தொழிலாளர் அமைப்பு, யுனிசெஃப் மூன்றும் அட்லாண்டாவில் ஒப்பந்தம் செய்தன. வீட்டில் நடந்த தையல் வேலை, கண்காணிக்கக்கூடிய தையல் மையங்களுக்கு மாறியது. தொழிலாளர் அமைப்பின் இணையதளத்தில் இந்த விவரங்களைப் பார்க்கலாம்.

ஊரின் வயதோ மிகப் பெரியது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க மன்னன் மிலிந்தனின் தலைநகராக இருந்த சாகலம் இதுதான் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. கவிஞர் இக்பால் 1877இல் பிறந்ததும் இங்கேதான். ஓர் ஊரின் உழைப்பாளிகள் அனைவர் மீதும் பழி சுமத்தும் இந்தத் தகவலைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.