பேசர்ஸ் இரண்டு முறை தோற்றது

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் ஆடும் இண்டியானா பேசர்ஸ் 2025-இல் இரண்டு முறை தோற்றது. ஒன்று எல்லோருக்கும் தெரியும். ஜூன் 22, ஓக்லஹோமா சிட்டி, இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம், அந்த ஊர் அணியான தண்டரிடம் 103-91. இன்னொன்றில் ஆடாமலே தோற்றது. ஒன்பது நாள் கழித்து, ஜூலை 1 அன்று, பத்து சீசனாக அந்த அணியிலேயே இருந்த மைல்ஸ் டர்னர் மில்வாக்கி பக்ஸுக்குப் போகிறார் என்று செய்தி வந்தது. முதல் தோல்விக்கு யாரையும் குறை சொல்ல மாட்டேன். இரண்டாவதற்குச் சொல்வேன். வாட்ஸ்அப் குழுவில் இதைச் சொல்லிச் சொல்லி நண்பர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று. சரி, இங்கே முழுசாக எழுதிவிடுகிறேன்.

என்பிஏ பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. தண்டர் வழக்கமான சீசனில் 82-இல் 68 ஆட்டம் ஜெயித்த அணி. ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர் சராசரியாக 32.7 புள்ளி எடுத்து, சீசனின் சிறந்த வீரருக்கான எம்விபி விருது வாங்கியவர். பேசர்ஸ் 50 வெற்றியோடு கிழக்குப் பிரிவில் நான்காவதாக வந்த அணி. இதெல்லாம் ஒரு ஃபைனல்ஸா, நாலே ஆட்டத்தில் முடிந்துவிடும் என்றார்கள். முதல் ஆட்டத்திலேயே அந்தப் பேச்சு நின்றது. பேசர்ஸ் முதல் பாதியில் மட்டும் 19 முறை பந்தைத் தொலைத்தது. நான்காவது கால்பகுதியில் 15 புள்ளி பின்தங்கியது. கடைசியில் பேசர்ஸின் நட்சத்திரம் டைரீஸ் ஹாலிபர்ட்டன் வலது பக்கம் ஓடி, நின்று, எம்பிப் போட்ட பந்து உள்ளே போனபோது கடிகாரத்தில் மிச்சம் இருந்தது 0.3 விநாடி. 111-110. அந்த ஆட்டம் முழுக்க பேசர்ஸ் முன்னிலையில் இருந்ததே அந்த 0.3 விநாடி மட்டும்தான்.

அதே ஆள் அந்த பிளேஆஃபில் பக்ஸ், கிளீவ்லாந்து, நியூயார்க் மூன்று அணிகளையும் கடைசி நொடிகளில் இதே மாதிரி அழவைத்திருந்தார். நமக்கு இதெல்லாம் விடியற்காலை ஆட்டம். வீட்டில் மற்றவர்கள் எழுந்திருப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிட வேண்டும், கத்தவும் கூடாது. ஹாலிபர்ட்டன் ஆடும் நாளில் இந்த இரண்டாவது நிபந்தனை ரொம்பக் கஷ்டம்.

ஏழாவது ஆட்டத்தின் முதல் ஏழு நிமிடத்தை மட்டும் இன்னொரு முறை பார்க்கலாம் என்று பலமுறை எடுத்து, பாதியில் மூடியிருக்கிறேன். ஐந்தாவது ஆட்டத்திலேயே ஹாலிபர்ட்டனுக்குக் கெண்டைக்கால் தசையில் காயம். மற்ற நாளாக இருந்தால் உட்காரவைத்திருப்பார்கள். ஏழாவது ஆட்டத்தில் இறங்கி மளமளவென்று மூன்று த்ரீ-பாயிண்டர் (தூரத்திலிருந்து போடும் மூன்று புள்ளி பந்து), ஒன்பது புள்ளி. 16-16. அப்புறம் பந்தோடு முன்னால் பாய வலது காலை ஊன்றினார். யாரும் தொடவில்லை. கால் வழுக்கின மாதிரி இருந்தது, அவ்வளவுதான். தரையில் கிடந்தபடி கையால் ஓங்கி ஓங்கித் தரையை அறைந்தார். அந்த அறையைப் பார்த்தவுடனேயே அக்கிலிஸ் (குதிகால் தசைநார்) என்று தெரிந்துவிட்டது. அவர் இல்லாமலே பேசர்ஸ் இடைவேளைக்கு 48-47 என்று முன்னிலையில் போனது என்பதை இப்போது பலர் மறந்துவிட்டார்கள். மூன்றாவது கால்பகுதியில் தண்டர் 34-20 என்று அடித்துத் தள்ளியது. முடிந்தது.

தண்டர் ஜெயித்ததில் எனக்கு வருத்தம் இல்லை. நேர்மையாகக் கட்டிய அணி. 1977-இல் போர்ட்லாந்து ஜெயித்ததற்கு அப்புறம் இவ்வளவு இளவயது அணி கோப்பையை எடுத்ததில்லை. உடைமாற்றும் அறையில் ஷாம்பெயின் பாட்டிலை எப்படித் திறப்பது என்றே பாதிப் பேருக்குத் தெரியவில்லை. ஏற்கெனவே லேக்கர்ஸில் ஒரு சாம்பியன் மோதிரம் வாங்கியிருந்த அலெக்ஸ் கருசோதான் சொல்லிக்கொடுத்தார். அந்த வீடியோவைப் பார்த்தால் பேசர்ஸ் ரசிகனுக்கும் சிரிப்பு வரும். (சியாட்டில் ரசிகனுக்கு வராது. 2008-இல் தன் ஊரிலிருந்து பிடுங்கிப் போன அணி கோப்பை வாங்குவதைப் பார்க்கிற கொடுமை தனி.)

ஆனால் இந்த இறுதிச் சுற்றில் ஆடிய இரண்டு அணிகளையும் செய்தது கோடைக்காலங்கள்தான், அதிலும் ஒரே ஒரு ஆளை வைத்து: பால் ஜார்ஜ். 2017 கோடையில் பேசர்ஸ் அவரைத் தண்டருக்குக் கொடுத்து விக்டர் ஒலடிப்போவையும் டொமான்டாஸ் சபோனிஸையும் வாங்கியது. பிறகு அந்த சபோனிஸைச் சாக்ரமென்டோவுக்குக் கொடுத்துத்தான் ஹாலிபர்ட்டன் வந்தார். தண்டரோ 2019 கோடையில் அதே பால் ஜார்ஜை கிளிப்பர்ஸுக்குக் கொடுத்து, அப்போது 21 வயதுகூட நிரம்பாத ஷேயையும், கூடவே ஐந்து முதல் சுற்று டிராஃப்ட் பிக்குகளையும் (புதுமுக வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புகள்) வாங்கியது. அதில் ஒரு பிக்தான் 2022-இல் ஜேலன் வில்லியம்ஸ் ஆனது. இந்த ஃபைனல்ஸ் ஐந்தாவது ஆட்டத்தில் 40 புள்ளி அடித்தாரே, அவரேதான். கிளிப்பர்ஸ் இன்று வரை ஒரு ஃபைனல்ஸ்கூடப் பார்க்கவில்லை. ஆஃப்-சீசன் என்றால் ஆட்டம் இல்லாத வெற்றுக்காலம் என்று நினைப்பவர்களிடம் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

2025 கோடையின் கதைக்கு அந்த அழகு இல்லை. ஏப்ரலில் முதல் சுற்றில் பேசர்ஸோடு ஆடும்போது பக்ஸின் டேமியன் லில்லர்டுக்கு அக்கிலிஸ் கிழிந்தது. அப்புறம் மே மாதம் பாஸ்டனின் ஜேசன் டேட்டம். அப்புறம் ஹாலிபர்ட்டன். மூன்று பேருக்கும் சட்டை எண் 0. ஜோசியத்தில் நம்பிக்கை உள்ளவர்கள் எடுத்துக்கொள்ளலாம். லில்லர்டு ஒரு சீசன் ஆட முடியாது என்றானதும் பக்ஸ் என்ன செய்தது? அவருக்கு இன்னும் இரண்டு வருஷம் பாக்கியிருந்த சுமார் 11.3 கோடி டாலரை ஐந்து வருஷத்துக்குப் பிரித்துக் கொடுத்துவிடுகிறோம் என்று சொல்லி அணியிலிருந்து விடுவித்தது. அதாவது அடுத்த ஐந்து வருஷம், வருஷத்துக்கு இரண்டேகால் கோடி டாலருக்கு மேல், தங்களுக்கு ஆடாத ஒருவருக்குச் சம்பளம். அப்படிக் கிடைத்த இடத்தில் டர்னருக்கு நான்கு வருஷம், 10.7 கோடி டாலர் அளவில் ஒப்பந்தம். பேசர்ஸ் தான் தோற்கடித்த அணியிடம் தன் சென்டரை, அதாவது கூடைப் பக்கம் நிற்கும் உயரமான ஆளை, பறிகொடுத்தது.

பக்ஸைத் திட்டப் போவதில்லை. தன் பெரிய நட்சத்திரம் கியானிஸ் கிளம்பிவிடுவாரோ என்ற பயத்தில் இருந்த அணி எதையாவது செய்துதான் ஆக வேண்டும். என் கோபம் இண்டியானா மேல்.

இந்த லீகில் 'பேர்ட் ரைட்ஸ்' என்று ஒரு விதி உண்டு. தன்னிடம் ஆடிய சொந்த வீரரைத் திரும்ப ஒப்பந்தம் செய்ய, சேலரி கேப் என்ற சம்பள உச்சவரம்பைத் தாண்டியும் ஓர் அணி பணம் கொடுக்கலாம். டர்னரை வைத்துக்கொள்ள பேசர்ஸுக்கு எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை. நின்றது லக்சுரி டேக்ஸ், அதாவது மொத்தச் சம்பளம் ஓர் அளவைத் தாண்டினால் கட்டும் வரி. இந்த அணி கடைசியாக அந்த வரியைக் கட்டி அப்போது ஏறக்குறைய இருபது வருஷம் ஆகியிருந்தது. 1983-இலிருந்து அணியை வைத்திருக்கும் சைமன் குடும்பம் ஊரெல்லாம் மால் கட்டிச் சம்பாதித்த குடும்பம். வரி கட்டத் தயாராகத்தான் இருந்தோம் என்று அணி நிர்வாகத் தலைவர் கெவின் பிரிட்சர்ட் பிறகு சொன்னார். இருந்திருக்கலாம். ஆனால் நிஜமாகவே தயாராக இருக்கிற அணி, பத்து வருஷம் கூட இருந்தவரை முதல் நாளிலேயே இன்னொருவர் கொத்திக்கொண்டு போகும் நிலைமைக்கு விடாது.

எதிர்வாதம் தெரியும், குழுவில் அதையே நூறு தடவை சொன்னார்கள். ஹாலிபர்ட்டன் 2025-26 முழுக்க ஆட மாட்டார். ஜெயிக்க முடியாத வருஷத்துக்கு எதற்கு வரி? தவிர, இறுதிச் சுற்றில் டர்னர் சுமார்தானே? ஆமாம், சுமாருக்கும் கீழே, த்ரீ அதிகம் விழவில்லை. ஆனால் பயிற்சியாளர் ரிக் கார்லைலின் ஆட்டமே உயரமான சென்டர் வெளியே நின்று த்ரீ போடுவார் என்ற பயத்தை நம்பித்தான் ஓடுகிறது. அந்தப் பயத்தில்தான் எதிரணியின் பெரிய ஆள் கூடையைவிட்டு வெளியே வருவார், ஹாலிபர்ட்டனுக்கு நடுவில் வழி கிடைக்கும். வெளியே த்ரீயும் போட்டு, உள்ளே வந்து எதிராளி போடும் பந்தைத் தட்டி பிளாக்கும் அடிக்கிற ஆட்கள் இந்த லீகில் விரல்விட்டு எண்ணும் அளவுதான். டர்னர் இரண்டு சீசன் பிளாக்கில் லீகிலேயே முதல் ஆள். வெறும் கணக்காகப் பார்த்தாலும், அவரை ஒப்பந்தம் செய்து வைத்துக்கொண்டு, வேண்டாம் என்றால் பிறகு டிரேட் செய்திருக்கலாம். இப்போது கையில் வந்தது பூஜ்யம்.

இன்னொரு வேடிக்கை. ஃபைனல்ஸ் நடந்துகொண்டிருக்கும்போதே, ஹாலிபர்ட்டன் காயத்துக்குச் சில நாள் முன்னால், பேசர்ஸ் தன் 2026 முதல் சுற்று பிக்கை நியூ ஆர்லியன்ஸிடமிருந்து திரும்ப வாங்கியிருந்தது. அப்போது யாரும் கவனிக்கவில்லை. காயத்துக்கு அப்புறம், அந்த பிக் எவ்வளவு உசத்தியாக விழும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள் (நிறையத் தோற்றால்தான் உசத்தி பிக்). கோப்பைக்கு ஓர் ஆட்டம் தூரத்தில் நின்ற ஊர், பத்தே நாளில் தோல்வியில் லாபம் தேடுகிற ஊர் ஆகிவிட்டது.

இது இண்டியானாவோடு நின்றால் பரவாயில்லை. 2019-இலிருந்து 2025 வரை ஏழு வருஷத்தில் ஏழு வேறு வேறு சாம்பியன்கள்: டொரான்டோ, லேக்கர்ஸ், மில்வாக்கி, கோல்டன் ஸ்டேட், டென்வர், பாஸ்டன், ஓக்லஹோமா சிட்டி. சமத்துவம் என்று லீக் பெருமையாகச் சொல்கிறது. எல்லா ஊருக்கும் வாய்ப்பு கிடைக்கிறது, நல்லதுதான். ஆனால் லீகும் வீரர்களும் 2023-இல் போட்ட புது ஒப்பந்தத்தின் 'செகண்ட் ஏப்ரன்' என்ற சம்பளக் கோடு என்ன செய்கிறது என்று பாருங்கள். 2025-26 சீசனுக்கு அந்தக் கோடு சுமார் 20.8 கோடி டாலர். அதைத் தாண்டினால் வரி மட்டும் இல்லை. டிரேடில் இரண்டு பேர் சம்பளத்தைச் சேர்த்து ஒருவரை வாங்க முடியாது, ஏழு வருஷம் தள்ளியுள்ள முதல் சுற்று பிக் முடக்கப்படும், இன்னும் சில கட்டுகள். 2024-இல் கோப்பை வாங்கிய பாஸ்டன், டேட்டம் விழுந்த மறு மாதமே ஜூரூ ஹாலிடேயைப் போர்ட்லாந்துக்கும் போர்சிங்கிஸை அட்லாண்டாவுக்கும் தள்ளிவிட்டது. ஆட்டக் காரணம் ஒன்றுமில்லை, கோட்டுக்குக் கீழே வர வேண்டும், அவ்வளவுதான். அந்த அணியைத்தான் 610 கோடி டாலருக்கு விற்றிருக்கிறார்கள். லேக்கர்ஸை ஆயிரம் கோடி டாலர் மதிப்பில் விற்றார்கள். அணியின் விலைக்கு மேல்கூரை கிடையாது. கூட ஆடிய ஐந்து பேரைச் சேர்த்து வைத்திருப்பதற்கு மட்டும் மேல்கூரை.

ஃபீனிக்ஸ் 2025 ஜூலையில் பிராட்லி பீலுக்கும் லில்லர்டு வைத்தியத்தையே செய்தது. ஐந்து வருஷம் சம்பளம், ஆள் கிளிப்பர்ஸில்.

அடுத்தது யார் என்று கேட்டால் தண்டர்தான் என்பேன். 2025-இல் அவர்களால் இவ்வளவு ஆழமான அணியை வைத்திருக்க முடிந்ததற்குக் காரணம் வில்லியம்ஸும் செட் ஹோம்கிரனும் இன்னும் புதுமுகச் சம்பளத்தில் இருந்ததுதான். 2025 ஜூலையில் ஷேவுக்கு நான்கு வருஷம் 28.5 கோடி டாலர், மற்ற இருவருக்கும் அதிகபட்ச ஒப்பந்தம் என்று எல்லோருக்கும் கையெழுத்துப் போட்டாயிற்று. 2026-27-இல் வில்லியம்ஸ், செட் சம்பளம் ஏறும். ஷேவுடையது அதற்கு அடுத்த வருஷம். ஹார்ட்டன்ஸ்டைன், லூ டார்ட் இருவரையும் அந்த 2026-27-க்கு வைத்துக்கொள்வதா வேண்டாமா என்ற முடிவு அணியின் கையில் இருந்தது. அணியைக் கட்டும் நிர்வாகி சாம் பிரெஸ்டியிடம் மூட்டை மூட்டையாக பிக் இருந்தது, சமாளிப்பார். ஆனால் டார்ட் மாதிரி டிராஃப்டில் யாரும் எடுக்காத ஒருவரை வளர்த்து, ஊர்க்காரனாக்கி, கடைசியில் வரிக்காக வழியனுப்பும் நாள் வந்தால் அங்கேயும் நம் மாதிரி ஒருவன் இப்படி ஒரு பதிவு எழுதுவான்.

ஐபிஎல் பார்க்கிறவர்களுக்கு இந்த வலி புதுசில்லை. மெகா ஏலம் என்று அணியைக் கலைத்துப் போடுவார்கள், ஆறு பேரைத்தான் தக்கவைக்கலாம் என்பார்கள். ஆனால் அதே ஐபிஎல், சர்வதேச ஆட்டம் ஆடி ஐந்து வருஷம் ஆனவரை 'அன்கேப்டு' கணக்கில் வைக்கலாம் என்று விதி போட்டு, சிஎஸ்கே தோனியை 4 கோடிக்கு வைத்துக்கொள்ளவும் வழி விட்டது. அது யாருக்காகப் போட்ட விதி என்று எல்லோருக்கும் தெரியும், நாமும் சிரித்தோம். ஆனாலும் ரசிகன் எதற்காக வருகிறான் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள் இல்லையா?

என்பிஏவும் செய்யலாம். தானே டிராஃப்ட் செய்து ஏழெட்டு வருஷம் வைத்திருக்கும் வீரரின் சம்பளத்தில் ஒரு பங்கை வரிக் கணக்கிலிருந்தும் ஏப்ரன் கணக்கிலிருந்தும் கழித்துவிடட்டும். சேலரி கேப்பில் முழுசாக எண்ணட்டும், ஆட்சேபணை இல்லை. வெளியிலிருந்து நட்சத்திரங்களை அள்ளிப்போடும் அணிக்கு இதில் ஒரு பைசா லாபம் கிடையாது. சின்ன ஊர்களுக்குத்தான் லாபம். முதலாளிகளுக்கும் 'வரி கட்ட முடியவில்லை' என்ற சாக்கு போய்விடும்.

டர்னர் போனதும், 2025-26-க்குப் பேசர்ஸின் நடுவில் நிற்க மிச்சம் இருந்தது யார் தெரியுமா? ஐசையா ஜாக்சன், ஜேம்ஸ் வைஸ்மன். இருவருமே அதற்கு முந்தைய சீசன் தொடக்கத்தில் அக்கிலிஸ் கிழிந்து வெளியே போனவர்கள். கூடவே மெம்ஃபிஸிலிருந்து வாங்கிய ஜே ஹஃப். த்ரீ போடுவார், பிளாக்கும் அடிப்பார், முழுநேரம் தாங்குவாரா என்பதுதான் கேள்வியாக இருந்தது. அப்புறம் பக்ஸ் சட்டையில் டர்னர் இண்டியானாபொலிஸுக்கு வரும் நாள் உண்டே. ஊரே கூச்சல் போடும் என்கிறான் குழுவில் ஒருவன். போடட்டும். நான் அந்த அரங்கில் இருந்தால் டர்னருக்கு எழுந்து நின்று கைதட்டிவிட்டு, முதலாளி உட்காரும் பக்கம் திரும்பித்தான் கூச்சல் போடுவேன்.