வடிகால் மேற்கே இருக்காது

சித்தப்பா அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கி ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. "என்னம்மா இது, வடிகாலு மேக்க இருக்குன்னு போட்டிருக்கு? தண்ணி மேட்டுல ஏறுமா?" என்றார்.

நான் மூன்று முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்ட பத்திரம் அது. சர்வே எண், பரப்பு, பெயர், தகப்பனார் பெயர் எல்லாம் ஒவ்வொன்றாகச் சரிபார்த்திருந்தேன். நான்கெல்லையில் வந்திருந்த பெயர்களும் சரியாகத்தான் இருந்தன. அவை எந்தப் பக்கம் இருக்கின்றன என்பதுதான் என் கண்ணில் படவில்லை.

நடந்தது இதுதான். தாத்தா காலத்துப் பத்திரத்தில் எல்லை விவரம் பழைய முறையில் இருக்கும். "இன்னார் நஞ்சைக்குக் கிழக்கு, வடிகால் வாய்க்காலுக்கு மேற்கு, வண்டிப்பாதைக்குத் தெற்கு, கோயில் நிலத்துக்கு வடக்கு, இந்த நான்கெல்லைக்குட்பட்டது" என்று ஓடும். நம் நிலம் இன்னாருடைய நஞ்சைக்குக் கிழக்கே கிடக்கிறது என்றால் அவர் நமக்கு மேற்கே இருக்கிறார். பாகப்பிரிவினைக்காகப் புதிதாக எழுதியபோது, தட்டச்சு செய்தவர் பார்க்கத் தெளிவாக இருக்கட்டும் என்று கட்டம் போட்டு, 'கிழக்கு: இன்னார் நஞ்சை, மேற்கு: வடிகால் வாய்க்கால்' என்று பிரித்துவிட்டார். சொற்கள் எல்லாம் அதே சொற்கள்தான். 'க்கு' என்ற உருபு மட்டும் நான்கு இடத்திலும் காணாமல் போயிருந்தது. அது போனதும் எங்கள் நிலம் முழுசாகத் திரும்பிப் படுத்துக்கொண்டது.

சித்தப்பா பழைய பத்திரத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை. அவருக்கு அது தேவைப்படவும் இல்லை. வடிகால் என்றால் பள்ளத்தில்தான் இருக்கும், எங்கள் பக்கத்தில் பள்ளம் என்றால் கிழக்கு. பாசனத் தண்ணீர் மேற்கேயிருந்து மடை வழியாக நுழையும், வயலில் நிற்கும், மிஞ்சியது கிழக்கு வரப்பைத் தாண்டி வடிகாலில் விழும். இது அவருக்கு நினைவு வைத்துக்கொள்ள வேண்டிய தகவலாகவே இல்லை. சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

அன்றிலிருந்து 'கிழக்கு' என்ற சொல்லை நான் விடவில்லை. எழுதாமல் இருக்க முடியவில்லை, அதனால்தான் இந்த நீளமான பதிவு.

கீழ் என்பதிலிருந்து வந்தது கிழக்கு. மேல் என்பதிலிருந்து வந்தது மேற்கு. அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் நமக்குச் சூரியனை வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள்: உதிக்கும் திசை கிழக்கு, அதைப் பார்த்து நின்றால் இடது கைப் பக்கம் வடக்கு, வலது கைப் பக்கம் தெற்கு. அது தப்பில்லை. ஆனால் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அதற்குள் சூரியனே கிடையாது. தரைதான் இருக்கிறது. மேற்கே மலைத்தொடர், கிழக்கே கடல், நடுவில் சரிந்துகொண்டே போகும் நிலம். காவிரி தலைக்காவிரியில் ஆயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்தில் பிறந்து, சுமார் 800 கிலோமீட்டர் இறங்கி வந்து பூம்புகாரில் கடலைத் தொடுகிறது. வைகை, தாமிரபரணி, பாலாறு எல்லாமே நடுவில் எப்படி வளைந்தாலும் கடைசியில் கிழக்குக் கடலுக்குத்தான் போய்ச் சேர்கின்றன. இந்த நாட்டில் தண்ணீர் போகிற திசையைப் பார்த்த யாரோ அதைக் கீழ் என்றார்கள், அது வருகிற திசையை மேல் என்றார்கள். இவ்வளவு எளிமையாக, இவ்வளவு சரியாக ஒரு திசைக்குப் பெயர் வைத்தவர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகிறது.

பக்கத்து மொழிகளைப் பார்த்தால் இதன் அருமை இன்னும் தெரியும். கன்னடத்தில் கிழக்குக்கு மூடணம், மேற்குக்குப் படுவணம் என்று பழைய சொற்கள். மூடுவது என்றால் அங்கே எழுவது, படுவது என்றால் மறைவது. முழுக்கச் சூரியக் கணக்கு. மலையாளத்தில் மேற்குக்குப் படிஞ்ஞாறு, அதாவது படுஞாயிறு, அதுவும் சூரியன்தான். ஆனால் கிழக்குக்கு மட்டும் மலையாளத்திலும் கிழக்கு! கேரளத்தில் நின்று பாருங்கள். கிழக்கே மலை வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கும், மேற்கேதான் கடல். அங்கே மேடான திசைக்குக் 'கீழ்' என்று பெயர். சொல் பிறந்த நிலம் மலைக்கு இந்தப் பக்கம் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. 1856இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் இதைத்தான் எடுத்துக்காட்டினார். மக்கள் மலையைத் தாண்டிப் போனார்கள், சொல்லும் கூடவே போனது, காலடியில் இருந்த சரிவு மட்டும் இங்கேயே நின்றுவிட்டது.

சங்கப் பாடல்களில் கிழக்குக்கும் மேற்குக்கும் வேறு சொற்களும் புழங்கின, குணக்கு, குடக்கு என்று. பட்டினப்பாலை பூம்புகார்த் துறைமுகத்தில் குவிந்த சரக்கை வரிசைப்படுத்தும்போது குடமலைச் சந்தனமும் அகிலும், குணகடல் பவளமும் என்கிறது. எந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்பதைத் திசையே சொல்லிவிடும். அங்கேயும் பாருங்கள், மேற்கு என்றால் மலை, கிழக்கு என்றால் கடல்.

எனக்கு இதில் மிகப் பிடித்தது திருவரங்கம். தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில் 'குடதிசை முடியை வைத்துக் குணதிசை பாதம் நீட்டி' என்று பாடுகிறார். பெருமாள் மேற்கே தலை வைத்து, கிழக்கே கால் நீட்டி, வடக்குக்கு முதுகு காட்டித் தெற்கு நோக்கிப் படுத்திருக்கிறார். ஒரே பாட்டில் நான்கு திசையும் வந்துவிடுகிறது. சின்ன வயதில் மனப்பாடமாகச் சொன்ன பாட்டு. இந்தப் பத்திரக் குழப்பத்துக்குப் பிறகு ஒரு நாள் சொல்லிப் பார்த்தபோதுதான் சட்டென்று பிடிபட்டது: தலை மேலே, கால் கீழே! திருவரங்கத் தீவின் இரண்டு பக்கமும் ஓடும் ஆறு எந்தத் திசையில் இறங்குகிறதோ அந்தத் திசையில் கால். ஆழ்வார் இதை நினைத்துத்தான் பாடினார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மேட்டில் தலையும் சரிவில் காலும் வைத்துப் படுப்பது வயல் வரப்பில் படுக்கிற எந்த மனிதருக்கும் தெரிந்த விஷயம். அது கருவறையிலும் அப்படியே இருப்பதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது எனக்கு.

சரி, சூரியனை வைத்தே கிழக்கைக் கண்டுபிடித்துக்கொள்ளலாமே, எதற்கு இவ்வளவு என்று கேட்கலாம். வீட்டு வாசலில் வருஷம் முழுக்க நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், சூரியன் ஒரே இடத்தில் உதிப்பதில்லை. நேர் கிழக்கில் உதிப்பது வருஷத்தில் இரண்டு முறைதான், மார்ச் 20ஐ ஒட்டியும் செப்டம்பர் 22ஐ ஒட்டியும். ஜூன் மாதக் கடைசியில் நம் ஊர்களில் கிட்டத்தட்ட 24 பாகை வடக்கே விலகி உதிக்கும், டிசம்பரில் அதே அளவு தெற்கே. எங்கள் வாசலுக்கு எதிரே ஒரு தென்னை. ஆனி மாதத்தில் சூரியன் அதற்கு இடப்பக்கம் நன்றாகத் தள்ளிக் கிளம்பும், மார்கழிக் கோலம் போடும்போது வலப்பக்கம் வேலியோரமாக வரும். ஒரு பருவத்தில் பார்த்து 'இதுதான் கிழக்கு' என்று குறித்துக்கொண்டால் இன்னொரு பருவத்தில் பொய்யாகிவிடும். வயலில் தண்ணீர் வடியும் பக்கம் மட்டும் மாறவே மாறாது.

காற்றுக்கும் திசைவாரியாகப் பெயர் உண்டு நம்மிடம். வடக்கேயிருந்து வாடை, தெற்கேயிருந்து தென்றல், மேற்கேயிருந்து கோடை, கிழக்கேயிருந்து கொண்டல். கொண்டல் என்றால் மேகம் என்றும் பொருள். ஐப்பசி கார்த்திகையில் கடல் பக்கமிருந்து மழையைச் சுமந்துகொண்டு வருகிற காற்றுக்கு மேகத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள். வருஷ மழையில் ஏறக்குறைய பாதி நமக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்தில்தான் கிடைக்கிறது. ஈசானி மூலையில், அதாவது வடகிழக்கில், மின்னினால் துணியை உள்ளே எடுத்துப்போடச் சொல்லும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆகவேண்டும். கீழத்தெரு, மேலத்தெரு என்றால் கிழக்குத் தெரு, மேற்குத் தெரு. மதுரையில் கீழ மாசி வீதி, மேல மாசி வீதி என்பதும் அதே கணக்கு. ரயிலை விட்டு இறங்கினால் மேல வெளி வீதி, ஏனென்றால் நிலையம் பழைய ஊருக்கு மேற்கே இருக்கிறது. இதில் உயர்வு தாழ்வு எதுவும் கிடையாது. ஆனால் என்னோடு படித்த ஒரு பெண் தன் முகவரியில் 'கீழ' என்ற எழுத்துகளை விட்டுவிட்டு வெறும் தெரு என்றுதான் எழுதுவாள். யாரோ அவளிடம் "பேர்லயே கீழ" என்று சொல்லியிருக்கிறார்கள். சாதி பார்க்கிற ஊர்களில் இந்தச் சொல்லுக்குள் அந்த விஷமும் ஏறிவிட்டது என்பதை நான் மறுக்கவில்லை. தண்ணீர் வழியும் பக்கத்தைக் குறித்த ஒரு சுத்தமான சொல்லை மனிதரைத் தாழ்த்தப் பயன்படுத்தியவர்கள் மேல் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. அந்தப் பெண்ணிடம் அப்போதே இதைச் சொல்ல எனக்குத் தெரிந்திருக்கவில்லையே என்ற வருத்தம் இன்றும் இருக்கிறது. கீழத்தெரு என்றால் விடியல் முதலில் எட்டிப் பார்க்கும் தெரு. அதைத் தயங்காமல் முழுசாக எழுதுங்கள்.

அப்புறம், வீட்டுக்குள் நடக்கும் பேச்சு. என் அம்மாவுக்கு அடுப்படியில்கூட இடது வலது கிடையாது. "தெக்குச் செவுத்து ஓரமா டப்பா இருக்கு பாரு, அதுக்குக் கிழக்கால வெல்லம் இருக்கும்" என்பார். நான் சுற்றிச் சுற்றி நிற்பேன். 1990களில் எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர் தமிழ்நாட்டில் இதையே ஆராய்ந்திருக்கிறார். மேசை மேல் இருக்கும் சின்னப் பொருளைக்கூடக் கிராமத்தார் கிழக்கு மேற்கு என்று சொல்ல, நகரத்தார் இடது வலது என்று சொன்னார்கள். ஒரே மொழி, இரண்டு வகையான கணக்கு. இடது வலது நம் உடம்போடு திரும்பும், நாம் திரும்பினால் உலகமும் திரும்பிவிடும். அம்மாவின் கிழக்கு அங்கேயே இருக்கும்.

இப்போது என் மகள் கைபேசி வரைபடத்தை வைத்துக்கொண்டு ஊர் முழுக்கப் போகிறாள். அதுவும் அவளோடு சேர்ந்து திரும்பிக்கொண்டே இருக்கிறது. 'இன்னும் 200 மீட்டரில் இடது பக்கம் திரும்பவும்.' போய்ச் சேர்ந்துவிடுகிறாள், அதில் குறையில்லை. ஆனால் போன இடம் ஊருக்கு எந்தப் பக்கம் என்று கேட்டால் தெரிவதில்லை. நானும் ஏறக்குறைய அப்படித்தான் ஆகியிருந்தேன், இல்லாவிட்டால் அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருப்பேனா? இது வெறும் மொழிப்பற்று இல்லை. நான்கு பக்கமும் தப்பாகப் பதிவான நிலத்தை நாளைக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

திருத்தம் செய்ய உட்கார்ந்தபோது சோழர் காலக் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் எல்லையை எப்படிச் சொல்கின்றன என்று தேடிப் படித்தேன். 'கீழ்பாற்கெல்லை இன்னதற்கு மேற்கும், தென்பாற்கெல்லை இன்னதற்கு வடக்கும், மேல்பாற்கெல்லை இன்னதற்குக் கிழக்கும், வடபாற்கெல்லை இன்னதற்குத் தெற்கும்' என்று வரும். ஒவ்வொரு எல்லைக்கும் இரண்டு திசை. நம் நிலத்தில் நின்று பார்த்தால் எந்தப் பக்கம் என்று ஒன்று, எல்லையில் நின்று பார்த்தால் நம் நிலம் எந்தப் பக்கம் என்று இன்னொன்று. இதில் 'க்கு' ஒன்று உதிர்ந்தாலும் மற்ற திசை காட்டிக்கொடுத்துவிடும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கல்லில் வெட்டியவர்கள் எங்களுக்கு நேர்ந்த இதே தவறை எதிர்பார்த்து எழுதிவைத்தது போல இருந்தது.

பிழைத்திருத்தல் பத்திரம் எழுதிய அன்று சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சொன்னார், அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு ஆனது. கட்டத்தை எடுத்துவிட்டோம். 'கிழக்குப் பக்கத்து எல்லை வடிகால் வாய்க்கால், அதற்கு மேற்கு' என்று முதல் வரி திரையில் வந்ததும், "ம், இப்ப தண்ணி சரியாப் போகுது" என்றார் சித்தப்பா.