பெறுபேற்றுக்கு ஐந்து வருசம் முன்னால்

தரம் ஐந்துப் புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று மட்டக்களப்பின் படுவான்கரையில் எந்தத் தேத்தண்ணிக் கடைக்குப் போனாலும் ஒரே கேள்விதான்: "நம்மட பள்ளிக்கூடத்தில வெட்டுப்புள்ளிக்கு மேல எத்தின பேர்?" எண்ணிக்கை குறைந்தால் பழி முழுக்கத் தரம் ஐந்து ஆசிரியரின் தலையில் விழும். நான் தரம் ஒன்றுக்குப் படிப்பிக்கிறேன், இது பதினோராவது வருசம். அந்தப் பழி அநியாயம் என்று அடித்துச் சொல்வேன். அந்தப் பிள்ளைகளுக்குள் இருக்கும் இடைவெளியை அவருக்கு நாலு வருசம் முன்னமே என் வகுப்பு வாசலில் பார்த்தவள் நான்.

முதல் நாள் இடாப்பு கூப்பிடும்போதே தெரிந்துவிடும். சில பிள்ளைகள் சொந்தப் பெயருக்கு எழும்பாது. வீட்டில் "குட்டி", "தங்கம்" என்றே கூப்பிட்டு வளர்ந்த பிள்ளை, இடாப்பில் இருக்கும் பெயர் தன்னுடையது என்று அறியாமல் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். தாய் குவைத்தில், தகப்பன் வேளாண்மை வேலையில், வளர்ப்பது பெத்தா, அதாவது பாட்டி. பெத்தா சோறு ஊட்டுவா, குளிப்பாட்டுவா, பாசத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் பகல் முழுக்க அந்தப் பிள்ளையோடு கதைக்க ஆளில்லை. பென்சிலை முழுக் கையாலும் இறுக்கிப் பிடிக்கும். கதை சொன்னால் "பிறகு?" என்று கேட்கத் தெரியாது. அந்த ஒரு சொல்லைத்தான் நான் முதலில் தேடுவேன். கதையில் அடுத்து என்ன வரும் என்று கேட்கிற பிள்ளை வாசிப்பையும் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

நல்ல முன்பள்ளியில் இரண்டு வருசம் இருந்துவிட்டு வருகிற பிள்ளை "பிறகு?" என்று கேட்கும். மற்றப் பிள்ளையையும் நான் தூக்கிவிடுவேன், தூக்கியும் இருக்கிறேன். ஆனால் அதற்கே இரண்டு தவணை போய்விடும். அதற்குள் மற்றவர்கள் எங்கேயோ போய்விடுவார்கள்.

நம் நாட்டில் 1945 முதல் இலவசக் கல்வி. ஐந்து வயதில் பள்ளிக்கூடம் கட்டாயம். அதற்கு முந்திய இரண்டு வருசம்? முன்பள்ளி மாகாண சபையின் பொறுப்பு என்றாலும், கிராமத்தில் அதை நடத்துவது கோயில், தேவாலயம், மாதர் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம், தொண்டு நிறுவனம் என்று யாராவது. முன்பள்ளி ரீச்சர் இலங்கை ஆசிரியர் சேவைக்குள் வரமாட்டா. சம்பளம் என்று ஒன்றில்லை, கொடுப்பனவுதான். 2025 வரவு செலவுத் திட்டத்தில் முன்பள்ளிப் பிள்ளையின் காலைச் சாப்பாட்டுக்கான தொகையை 60 ரூபாயிலிருந்து 100 ஆக்கினார்கள், ரீச்சர்மாரின் மாதக் கொடுப்பனவில் 1,000 ரூபாய் கூட்டினார்கள். சாப்பாட்டுக் காசு கூடியதில் எனக்கு உண்மையாகவே சந்தோசம். வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஆயிரம் ரூபாய் கூடிய அந்தக் கொடுப்பனவில் ஒரு ரீச்சர் எப்படி வீடு கொண்டுபோவா?

"முன்பள்ளி போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?" என்று போன பதிவில் ஒரு தம்பி கேட்டிருந்தார். நல்ல கேள்வி. சரியாகாது.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலாந்தி என்ற ஊரில் 1962 இல் தொடங்கிய பெரி முன்பள்ளி ஆய்வில் 123 ஏழைப் பிள்ளைகள். அதில் ஒரு பாதிக்கு நல்ல முன்பள்ளி: பயிற்சி பெற்ற ஆசிரியர், ஆளுக்குச் சில பிள்ளைகள் மட்டும், கிழமைக்கொரு தரம் வீட்டுக்கும் போய்த் தாயோடு கதைப்பார்கள். நாற்பது வயதில் பார்த்தபோது, அந்த முன்பள்ளிக்குப் போனவர்கள் கூடுதலாகப் படித்திருந்தார்கள், கூடுதலாகக் காசு உழைத்தார்கள், பொலிசில் பிடிபட்டதும் குறைவு. ஆனால் அதே நாட்டின் டெனசி மாநிலத்தில் அரசு நடத்திய முன்பள்ளிகளைப் பற்றி 2022 இல் வந்த ஆய்வு நேர்மாறு. 2,990 பிள்ளைகளைப் பின்தொடர்ந்ததில், முன்பள்ளிக்குப் போனவர்கள் ஆறாம் தரத்தில் போகாதவர்களை விடக் குறைவாகப் புள்ளி எடுத்தார்கள். ஆய்வை நடத்திய டேல் ஃபாரன், எல்லோரையும் ஒன்றாக இருத்தி வைத்துப் படிப்பிப்பதும் கட்டுப்பாடும் கூடி, விளையாட்டு குறைந்துபோனதைக் காரணமாகச் சந்தேகிக்கிறார்.

இதை வாசித்தபோது எனக்கு நம்முடைய ஊர்தான் கண்ணுக்குள் வந்தது. "என்ன ரீச்சர், புள்ளட கொப்பியில ஒண்டும் எழுதல்லையே?" என்று தாய்மார் கேட்பது. மூன்றரை வயதில் 'அ' எழுதவில்லை என்று பிள்ளையை வேறு முன்பள்ளிக்கு மாற்றுவது. அதற்குப் பயந்து ரீச்சர் மணலையும் கட்டைகளையும் ஓரத்தில் வைத்துவிட்டுக் கொப்பியை எடுப்பது. தாய்மாரே, நான் தரம் ஒன்று ரீச்சராகச் சொல்கிறேன்: 'அ' எனக்கு விடுங்கள். அதை நான் எழுதப் பழக்குவேன். நீங்கள் அனுப்ப வேண்டியது மணலில் விளையாடி விரல் பலத்த பிள்ளை, கூட்டத்தில் வாய் திறந்து பேசுகிற பிள்ளை.

எங்கள் பக்கத்துக் கிராமத்து முன்பள்ளியில் அப்படிப்பட்ட ரீச்சர் ஒருத்தி இருக்கிறா. வில்லுப்பாட்டு மாதிரிக் கதை சொல்லுவா, பிள்ளைகள் "ஆமா" போடும். வயல் வரம்பில் கூட்டிப்போய்க் கொக்கு எண்ணவைப்பா. போன கிழமை என்னிடம் வந்து, ஆடைத் தொழிற்சாலைக்கு விண்ணப்பித்திருப்பதாகச் சொன்னா. "அக்கா, ரெண்டு புள்ளைகள வச்சிக்கிட்டு இதுல ஏலாதுகா." அவவைத் தடுக்க என்னிடம் ஒரு வார்த்தையும் இருக்கவில்லை.

வருகிற ஞாயிறு அந்த முன்பள்ளியில் பெற்றோர் கூட்டம். நான் போகிறேன். ரீச்சரின் கொடுப்பனவுக்கு மாதாமாதம் ஊரிலிருந்து எவ்வளவு சேர்க்க முடியும் என்பதைத்தான் முதலில் கேட்கப்போகிறேன். பிறகு மாகாண சபைக்கு ஒரு கடிதம். தரம் ஐந்துப் பிள்ளைகளின் பெற்றோரும் வாருங்கள்.